கழிவு போக நூற்றுப் பதினெட்டு

மூட்டையைத் தூக்குவதற்கு முன் காளியாயி அதை இரண்டு தட்டு தட்டுவாள். படுத்திருக்கும் மாட்டை எழுப்புகிற தட்டு. "எந்திரி ராசா, வண்டிக்கு நேரமாச்சு" என்பாள். பிறகு கால்களை அகற்றி வைத்து, முழங்காலை மடக்கி, முதுகு வளையாமல் உட்கார்ந்து, சாக்கின் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். எழும்போது மூச்சு விடமாட்டாள். மூட்டை வண்டிப் பலகையில் இறங்கிய பிறகுதான் ஒரு சிறு சீழ்க்கைபோல அது வெளியே வரும். வண்டியின் மேல் நின்று கயிறு கட்டுபவன் அவளுடைய கணவன் வேலப்பன். கீழே நிற்பவள் தூக்குகிறாள், மேலே நிற்பவன் கட்டுகிறான். பள்ளங்கியில் மற்ற வீடுகளில் இது தலைகீழாக நடக்கும். வேலப்பனைக் கேட்டால், "எனக்கு முடிச்சு நல்லா வரும், அவளுக்குத் தூக்கு நல்லா வரும். இதுல என்ன இருக்கு?" என்பான்.

கொடைக்கானல் காய்கறிச் சந்தையில் இருபத்தெட்டு ஆண்டுகள் எடை போட்டவன் நான். காளியாயி கல்யாணமாகி வந்த ஆண்டிலிருந்து அவள் வீட்டுப் பூண்டு என் தராசில் ஏறியிருக்கிறது. அவளுக்கு வயது முப்பத்து நான்கு. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். எடை, சென்ற பிப்ரவரி 16 ஞாயிறு காலை நிலவரப்படி, 67 கிலோ 400 கிராம். வலது கையின் மேற்பகுதி இடது கையைவிடச் சற்றுப் பருமன். மலைச்சரிவில் ஒன்றேகால் ஏக்கர். வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற பாதையில் எழுபத்தொரு படிகள். அவளே மண்வெட்டியால் வெட்டியவை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், அட்டுவம்பட்டியில் ஜிம் வைத்திருக்கும் குமரகுரு, பூண்டு வாங்க வந்த இடத்தில் அவள் மூட்டை தூக்குவதைப் பார்த்தார். "ஏம்மா, ஒனக்கு இந்தத் தூக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். "முதுகு வலிதான்" என்றாள் அவள். அவள் செய்வதற்கு வலுதூக்குதல் என்று பெயர் உண்டு, தரையில் கிடக்கும் கம்பியை நிமிர்ந்து நிற்கும்வரை தூக்கினால் அதற்கு டெட்லிஃப்ட் என்று பெயர், பெண்களுக்குத் தனிப் போட்டியே நடக்கிறது என்றெல்லாம் அவர் சொன்னபோது அவள் நம்பவில்லை. "இதுக்குப் போட்டி வேறயா? அப்ப எங்க ஊரு பொம்பளைக அம்புட்டுப் பேரும் மெடல் வாங்கணும்ல?" அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டி அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தாள். அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும், சந்தைக்குக் காய் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், முக்கால் மணி நேரம் அங்கே. கம்பியைப் பிடிக்குமுன் விரல்களில் சுண்ணக்கட்டியைத் தடவிக்கொள்ளச் சொன்னார்கள். அவள் வயல் மண் போதும் என்றாள். இன்றுவரை மண்தான். முந்தானையில் ஒரு கைப்பிடி முடிந்து வைத்திருப்பாள்.

அவளை ஊருக்கு வெளியே தெரியவைத்தவள் ரம்யா. வேலப்பனின் தங்கை, இருபத்திரண்டு வயது, கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் வரவேற்பில் வேலை. வீட்டில் இருக்கும்போது கையில் போன் இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. மதினி மூட்டை தூக்குவதை ஒருநாள் எடுத்து, 'பூண்டு மதினி' என்று பெயர் வைத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். ஒரே வாரத்தில் நாற்பத்தாறாயிரம் பேர் பார்த்தார்கள். இப்போது அந்தப் பக்கத்தைத் தொடர்பவர்கள் பதினோராயிரத்துச் சொச்சம். காளியாயியிடம் சொந்தமாக இருப்பது பட்டன் போன். தன் வீடியோவைத் தான் பார்ப்பது அபூர்வம். "என்னத்தப் பாக்க? அதான் நானே தூக்குறேன்ல" என்பாள்.

அந்த வீடியோக்களில் ஒன்றை விளையாட்டு வீராங்கனைகளுக்கென்றே நடக்கும் ஒரு பெரிய பக்கம் எடுத்துப் போட்டது. ரம்யா ஓடிவந்து காட்டினாள். பதினான்கு விநாடி. அதை நான்கு முறை பார்த்துக் குறித்துக்கொண்டேன். காளியாயி கூந்தலை அள்ளி முடிவது ஐந்து விநாடி. யாரோ கூப்பிட, திரும்பிச் சிரிப்பது நான்கு விநாடி. காதில் தோடு ஆடுவது மூன்று விநாடி. கம்பி தரையை விட்டு மேலே இருப்பது இரண்டு விநாடி. அதிலும் அவள் முகம் மட்டும்தான் தெரிகிறது. பின்னால் ஒரு சோகமான புல்லாங்குழல். எத்தனை கிலோ என்று எங்கும் எழுதவில்லை. காளியாயி பார்த்துவிட்டு, "எதுக்கு இந்தப் பிள்ளைக்கு இம்புட்டு சோகம்? வீட்ல எதும் பிரச்சனையா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த ஆண்டு ஜனவரியில் ஒரு வாய்ப்பு வந்தது. ஏப்ரலில் நடக்கும் மாநிலப் பெண்கள் வலுதூக்கும் போட்டியில், தூரத்து ஊர்க்காரர்கள் வீடியோ அனுப்பியே இடம் கேட்கலாம் என்று போட்டிக் குழு அறிவித்தது. அவளுடைய எடைப் பிரிவில் குறைந்தது 120 கிலோ டெட்லிஃப்ட் தூக்கியிருக்க வேண்டும். இந்தச் சலுகை இந்த ஓராண்டுக்கு மட்டும். அடுத்த ஆண்டிலிருந்து முன்தேர்வுக்கு நேரில் போய் மூன்று நாள் தங்கவேண்டும், அது பிப்ரவரியில். பிப்ரவரி பள்ளங்கியில் பூண்டு பிடுங்குகிற மாதம். அந்த மாதத்தில் மூன்று நாள் வயலை விட்டுப் போகிறவர் ஊரில் ஒருவரும் இல்லை. "போனா இந்த வருசம். இல்லன்னா இல்ல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. எதையும் சிரித்துக்கொண்டு சொல்கிறவள் என்பதால் நான் அதைக் கவனித்தேன்.

ஜிம்மில், கம்பியின் இரண்டு முனைகளிலும் மாட்டுகிற இரும்புச் சக்கரங்களில் பொறித்த கணக்குப்படி, 120 கிலோ தூக்கினாள். ரம்யா படமெடுத்து, படிவம் நிரப்பி, பிப்ரவரி 4 அன்று அனுப்பினாள். 11ஆம் தேதி பதில் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. இரண்டு காரணங்கள். ஒன்று, வீடியோ திருத்தப்பட்டிருக்கிறது. தூக்கும்போது இரும்புக் கம்பி அலைபோல நெளிகிறது, சக்கரங்கள் முட்டைபோல நீள்கின்றன. இரண்டு, படிவத்தில் தூக்கிய எடை 118 என்று எழுதப்பட்டிருக்கிறது. அது தகுதிக்குக் குறைவு.

அந்தப் பதில் வந்த மாலையில், தெரிந்தவர் ஒருவருக்காக விதைப்பூண்டு கேட்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றம் முழுக்கப் பூண்டு. காளியாயி தாளோடு சேர்த்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ரம்யா பதிலை வாசித்து முடித்ததும், வேலப்பன் முதலில் இரண்டாவது காரணத்தைப் பிடித்தான்.

"நூத்தி இருவதத் தூக்கிட்டு நூத்திப் பதினெட்டுன்னு ஏன் போட்ட?"

"மதினிதாண்ணே சொன்னுச்சு."

"கழிவு போகச் சொன்னேன்" என்றாள் காளியாயி, கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு உடனே புரிந்தது. பூண்டு மூட்டை தராசில் ஏறினால், சாக்குக்கும் ஒட்டிய மண்ணுக்கும் சேர்த்து இரண்டு கிலோ கழிப்பது வழக்கம். நானே ஆயிரக்கணக்கான மூட்டைகளுக்குக் கழித்திருக்கிறேன். அதனால் காளியாயி எந்த எடையையும் முழுதாகச் சொல்வதே இல்லை. வாய்க்கு வருமுன் இரண்டு குறைந்துவிடும். தன் சொந்த எடையைக்கூட அறுபத்தைந்து என்றுதான் சொல்வாள். பொம்பளைகள் எல்லாரும் எடையைக் குறைத்துத்தான் சொல்வார்கள் என்று ஜிம்மில் பையன்கள் சிரித்ததும் அதனால்தான். அவள் அழகுக்காகக் குறைக்கவில்லை, சாக்குக்காகக் குறைத்தாள்.

"இரும்புக்கு எதுக்கு மதினி சாக்குக் கழிவு?" என்று ரம்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி, அது என் தப்பு. கம்பி ஏன் நெளியுது? அதக் காட்டு."

ரம்யா தயங்கினாள். காளியாயி கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். ஒரு தடவை பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"இது யாரு கைடி?"

"ஒன் கைதான் மதினி."

"என் கைய நான் முப்பத்திநாலு வருசமாப் பாத்துக்கிட்டு இருக்கேன். இது பூக்கட்டுற கை. இவ மூட்டயத் தூக்குனா மூட்ட இவளத் தூக்கிரும். என் கைய எங்க கொண்டு போய் வச்ச?"

ரம்யா அழுதுவிட்டாள். உடம்பை ஒல்லியாகக் காட்டும் ஒரு வசதி போனில் இருக்கிறது, அதைப் போட்டிருக்கிறாள். கையைச் சுருக்கப் போன இடத்தில் பக்கத்திலிருந்த கம்பியும் சேர்ந்து சுருங்கி நெளிந்துவிட்டது. இந்த ஒரு வீடியோவுக்கு மட்டும் அல்ல, டிசம்பரிலிருந்து ஒன்பது வீடியோக்களுக்கு அப்படிச் செய்திருக்கிறாள்.

"கமெண்ட்டுல கண்டதையும் எழுதுறானுக மதினி. தெனமும் வெள்ளனே எந்திரிச்சு நீ பாக்குறதுக்கு முன்னாடி அழிச்சுக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் ஒல்லியாக் காட்டுனா வாய மூடுவானுகன்னு பாத்தேன்."

"அவனுக வாய மூட என் கைய வெட்டிட்டியே. என்ன எழுதுறானுக? வாசி."

"வேணாம் மதினி."

"வாசிடி."

ரம்யா வாசித்தாள். ஆணா பெண்ணா என்று ஒருவன். அடுப்படிக்குப் போகச் சொல்லி ஒருவன். புருஷன் பாவம் என்று பதினேழு பேர், வெவ்வேறு சொற்களில்.

"நான் என்னப்பா பாவம்?" என்றான் வேலப்பன். "எனக்கு மூட்ட தூக்குற சோலியே இல்ல. குடுத்து வச்சவன்னு போடு."

காளியாயிக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் ரம்யா அடுத்ததற்குப் போய்விட்டாள். அது பாச்சலூரிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதியது. நவம்பரில் ஒன்று எழுதியிருந்தாள்: 'அக்கா நான் குண்டு எறியிறேன். என் கையும் உங்க கை மாதிரிதான். அதனால முழுக்கை சட்டைதான் போடுவேன். உங்களப் பாத்த பிறகு அரைக்கை போட்டுட்டுப் போனேன்.' இப்போது, இந்த மாதம், அதே பிள்ளை கேட்டிருந்தாள்: 'அக்கா உங்க கை மெலிஞ்சிருச்சே. எப்படின்னு எனக்கும் சொல்லுங்க. தூக்குறத நிப்பாட்டிட்டீங்களா?'

காளியாயி திரும்பவும் பூண்டுக்குப் போனாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், நான்கு கட்டுக் கட்டினாள். ஐந்தாவதை எடுத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"என்னிக்கு வரைக்கும் டயம் குடுத்துருக்கான்?"

அடுத்த செவ்வாய் மாலை ஐந்து மணிவரை மறு வீடியோ அனுப்பலாம் என்று பதிலின் கடைசி வரியில் இருந்தது. நிபந்தனை: இடையில் நிறுத்தாத ஒரே வீடியோவாக இருக்கவேண்டும், கம்பியும் சக்கரங்களும் முத்திரையிட்ட தராசில் நிறுக்கப்படுவது அதில் தெரியவேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 16 ஞாயிறு காலை பத்து நாற்பதுக்கு, சந்தையிலிருந்து கேட்டு வாங்கிய மேடைத் தராசோடு அட்டுவம்பட்டி ஜிம்முக்குப் போனேன். இந்த ஆண்டு முத்திரை பதித்தது. ரம்யா போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்து ஓடவிட்டாள். ஜிம் பையன்கள் ஆறு பேர் சுவரோரம் நின்றார்கள். அவர்களை வெளியே போகச் சொல்லவா என்று குமரகுரு கேட்டார். "நிக்கட்டும், என்ன இப்ப?" என்று காளியாயி டீசர்ட்டின் கைகளைத் தோள்வரை சுருட்டி ஏற்றிக்கொண்டாள்.

நான் ஒவ்வொன்றாக நிறுத்து உரக்கச் சொன்னேன். 20 என்று பேர் பெற்ற கம்பி 19.4. இருபத்தைந்துகள் 24.6, 24.9. இருபதுகள் 19.5, 19.8. ஐந்துகள் 4.8, 4.9. சக்கரம் ஏற ஏற குமரகுருவின் முகம் இறங்கியது. மொத்தம் 117 கிலோ 900 கிராம்.

"ஐயா, நல்லாப் பாருங்கய்யா! அஞ்சு வருசமா இத நம்பித்தான பயலுக தூக்குறானுக!"

பார்த்தேன். தராசு அதையே சொன்னது. சுவரோரம் நின்ற பையன்களில் ஒருவன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, "அப்ப என்னோட நூத்தி அம்பது?" என்று மெல்லக் கேட்டான். அன்று காலை அந்த ஜிம்மில் எல்லா ஆண்களின் எடையும் குறைந்துபோனது. காளியாயி சொன்ன நூற்றுப் பதினெட்டு மட்டும் நூறு கிராம் வித்தியாசத்தில் அப்படியே நின்றது.

"பாத்தியாடி, கழிவு சரியாப் போச்சு" என்று அவள் ரம்யாவைப் பார்த்துச் சொன்னாள். பிறகுதான் அதன் பொருள் அவளுக்கே உறைத்தது. அவள் இதுவரை 120 தூக்கியதே இல்லை.

"மதினி, இவரப் போய் எதுக்குக் கூப்பிட்டோம்?" என்றாள் ரம்யா. அப்புறம், குரலைத் தாழ்த்தி, "நிறுத்திட்டு இன்னொரு நாளைக்கு எடுப்போமா?"

"நாளைக்கும் நாளன்னிக்கும் ஆளுக வராக, பூண்டு பிடுங்கணும். ஓடட்டும் அது."

1.25 என்று பொறித்த இரண்டு சிறிய சக்கரங்களைத் தராசில் வைத்தேன். இரண்டும் 1.2. பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினால் 120 கிலோ 300 கிராம். மாட்டினார்கள்.

முதல் முறை கம்பி முழங்காலுக்குக் கீழே நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நடுங்கியது, பிறகு இறங்கியது. காளியாயி வாசலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலப்பன் பக்கத்தில் போய் நின்றான். அவன் ஏதோ சொன்னான். அவள் அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். அவன் தோளைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்து, "ரெடியாத்தான் இருக்கா" என்றான். அதுவரை ஆறு நிமிடம், போன் வெறும் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை அவள் முந்தானை முடிச்சுக்குப் பதிலாக இடுப்புத் துண்டிலிருந்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். கம்பி எழுந்தது. முன்பு நின்ற அதே இடத்தில் நின்றது. அவள் கழுத்து நரம்பும் மேற்கையும் கல்லாகி நின்றன. முகம் பார்க்க நன்றாக இல்லை. உதடு ஒரு பக்கம் கோணி, கண் பிதுங்கி இருந்தது. மூன்று விநாடி. பிறகு கம்பி முழங்காலைத் தாண்டியது, தொடையில் உரசிக்கொண்டு ஏறியது, அவள் நிமிர்ந்துவிட்டாள்.

நடுவராக நின்ற குமரகுரு 'டவுன்' என்று சொன்னால்தான் அவள் இறக்கலாம். அவரோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். காளியாயி கண்ணை உருட்டினாள். "யோவ், சொல்லுங்கய்யா!" என்று வேலப்பன் அலறிய பிறகுதான் அவர் சொன்னார். நிமிர்ந்து நின்றது ஐந்து விநாடி. ஒரு விநாடி போதுமாம்.

வீடியோ மொத்தம் இருபத்துமூன்று நிமிடம் பத்து விநாடி. அப்படியே அனுப்பினார்கள். திங்கள்கிழமை பதினொன்று இருபதுக்குப் பதில் வந்தது: பெயர் சேர்க்கப்பட்டது, 120.3. செய்தி சொல்ல நானும் வயலுக்குக் கிளம்பினேன். வழி காட்ட வந்த ரம்யா என்னை முந்திக்கொண்டு ஓடி, மேட்டிலிருந்தே கத்திச் சொன்னாள். பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "என்னத்துக்கு இந்தக் கத்து?" என்றார்கள். காளியாயி வரப்பில் உட்கார்ந்து, தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துக் குடித்தாள்.

"நம்ம இன்ஸ்டா பக்கத்துல எதப் போட?" என்று ரம்யா கேட்டாள். "ரெண்டாவது தூக்கு மட்டும் வெட்டிப் போடட்டுமா? மொத தடவ விட்டது வேணாம்ல? மூஞ்சி வேற ஒரு மாதிரி இருக்கு மதினி. லேசா வெளிச்சம் மட்டும் கூட்டிக்கிறேன். வேற ஒண்ணும் பண்ணமாட்டேன், சத்தியமா."

காளியாயி பாவாடையில் விரல்களைத் துடைத்துவிட்டுப் போனைக் கேட்டாள். வீடியோவை எப்படி நிறுத்துவது என்று ரம்யா காட்டிக்கொடுத்தாள். கம்பி முழங்காலில் சிக்கி நின்ற அந்த மூன்று விநாடியில் நிறுத்தினாள். சற்று நேரம் பார்த்தாள். பிறகு கட்டை விரலையும் சுட்டு விரலையும் திரையில் வைத்து, மெதுவாக அகட்டினாள். முகம் விலகிப் போயிற்று. கம்பி விலகிப் போயிற்று. அவள் இன்னொரு முறை அகட்டினாள். அந்தச் சிறிய திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அவளுடைய வலது கை மட்டும் நிறைந்து நின்றது.